சொல்லிப் பரிமாறிய சோறு

என் முதல் சரித்திர நாவலில் பாண்டிய இளவரசியின் கல்யாணத்துக்குச் சொதி பரிமாறிவிட்டேன். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மறுநாள் மதியம் சொதிச் சாப்பாடுதான். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சை மிளகாய் எல்லாம் வெந்து கிடக்கும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அரண்மனைக் கல்யாணத்தில் அது இல்லாமலா என்று ஆசை ஆசையாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது நாலு மாதம். வண்ணார்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அவருக்குக் கங்கைகொண்டானில் ஷிப்டு வேலை. பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம். சண்டை ஒன்றும் கிடையாது, ஆனால் பேச்சும் வரவில்லை. “சாப்பிடுதீங்களா?” என்பேன். “ம்” என்பார். “இன்னும் கொஞ்சம் வைக்கவா?” “போதும்.” அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து நோட்டைத் திறந்தால், சொதி எழுதிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: ‘உருளைக்கிழங்கும் மிளகாயும் பறங்கிக்காரன் கப்பலில் வந்தது. இளவரசிக்குக் கிடைத்திருக்காது.’

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் எழுதுவதையே அதுவரை அவரிடம் சொன்னதில்லை.

“என் நோட்ட எதுக்குத் தொட்டீங்க?”

“அங்கன மேசையில கெடந்துது. ஒரு பக்கம் பாப்போம்னுதான் எடுத்தேன். கீழ வைக்க முடியல” என்றார். அப்புறம் தயங்கி, “நல்லா இருந்துது” என்றார்.

நான் எழுதியதை நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. “அப்போ இளவரசி என்னத்தத்தான் திம்பா?” என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஞாயித்துக்கெழம வச்சுப் பாப்போமா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாகச் சமைத்தோம். மிளகாய், தக்காளி எதையும் தொடவில்லை. கத்தரிக்காயும் வாழைக்காயும் நறுக்கி, புளி கரைத்து, மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டோம். எவ்வளவு மிளகு என்பதில் இருவருக்கும் கணக்குப் பிசகிவிட்டது. முதல் வாயிலேயே அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு மூக்கிலிருந்தும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர்தான் முதலில் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு எழுத்து எங்கள் இருவருடைய காரியமாகிவிட்டது. வருஷத்துக்கு ஒன்றாக நாவல்கள் வந்தன. எந்தக் காலத்தில் எந்தக் காய் இருந்தது என்று அவர் தேடித் தேடிப் படித்துச் சொல்வார். என் விருந்துகளில் பிழை இல்லாமல் போயிற்று. ஆனால் ருசியும் இல்லை. பொன் தட்டுகளையும் பதார்த்தங்களையும் வரிசையாக அடுக்குவேன், அவ்வளவுதான். புத்தகம் போடும் பெண் ஒருதடவை போனில், “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க விருந்துல பாத்திரம் நிறைய இருக்கு. யாருக்கும் பசிதான் இல்ல” என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

பிறகு கொரோனா வந்தது. இருவருமே படுத்தோம். நான் நாலைந்து நாளில் எழுந்துவிட்டேன். அவரைப் பத்து நாள் ஆட்டி எடுத்துவிட்டுத்தான் காய்ச்சல் இறங்கியது. இறங்கிய மறுநாள் காப்பியைக் கையில் வாங்கியவர் டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“வாசம் ஒண்ணும் வரலளா” என்றார்.

சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று, வாசம் திரும்பவில்லை. எதைத் தின்றாலும் மண்ணைத் தின்பது மாதிரி இருக்கிறது என்பார். இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. நல்ல சாப்பாட்டை அப்படி ரசிக்கிற மனுஷர், அடுப்படிப் பக்கமே வராமல் இருந்தார்.

ஒருநாள் சேரன்மகாதேவியிலிருந்து அவருடைய அக்கா விரால் மீன் கொடுத்தனுப்பியிருந்தாள். குழம்பு வைத்துத் தட்டில் ஊற்றினேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் பைய நிமிர்ந்தார்.

“ஏளா, இது எப்படி இருக்குன்னு சொல்லேன்.”

“நல்லா இருக்கு.”

“நல்லா இருக்குன்னா? நீ கத எழுதுதவதான?”

கேலியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரு வாய் எடுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“மொதல்ல புளி வருது. காதுக்குக் கீழ தாடை கூசுதுல்லா, அங்கன. அதுக்குப் பொறவு வெந்தயக் கசப்பு, இருக்கா இல்லையான்னு தெரியாத மாதிரி. மீனு பஞ்சா இருக்கு. உறைப்பு இப்ப இல்ல. முழுங்கின பொறவுதான் வருது.”

கண்ணைத் திறந்தால் அவர் மென்றுகொண்டிருந்தார். “ம், சொல்லு” என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு வாயாக எடுத்துவைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. சில நாள் சொற்கள் வராமல் திணறுவேன். “நேத்துச் சொன்னதையே சொல்லுத” என்று அவர் விடமாட்டார். ரசத்தைச் சொல்லப் போய் எங்கெங்கோ போய்விடுவோம். வண்ணார்பேட்டை மாடியில் மழைக்கு முன்னால் வரும் வாசம், நாங்கள் மிளகுக் குழம்பில் அழுத ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வரும். அப்படி ஒரு மதியம்தான் அவர் சொன்னார், “கல்யாணத்தன்னைக்கு நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு இலையில ஒரு பருக்க விடாம தின்ன. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு அப்பவே பிடிச்சுப்போச்சு.”

பதினைந்து வருஷம் கழித்துச் சொல்கிறார்!

அப்போது ஒரு நாவல் பாதியில் நின்றிருந்தது. போர் முடிந்து திரும்பும் வீரனும் அரசகுமாரியும் சந்திக்கும் இடத்தில் நிலா வெளிச்சத்தில் பெரிய விருந்து ஒன்று வைத்திருந்தேன். அதை அப்படியே கிழித்தேன். அதற்குப் பதில் ஒரு சின்ன அறை. காய்ச்சலில் நாக்குச் செத்துப்போய்க் கஞ்சியைத் தள்ளிவைக்கும் வீரன். அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அது எப்படி இருக்கிறது என்று சொல்லத் தொடங்குகிறாள். ஒரே காலையில் எழுதி முடித்தேன். புத்தகம் போடும் பெண் படித்துவிட்டுக் கூப்பிட்டாள். “அக்கா, இத எங்க இருந்து பிடிச்சீங்க?” “வீட்லதான்” என்றேன். மேற்கொண்டு சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்த நாவலுக்கு வந்த கடிதங்களில் பாதி அந்தக் கஞ்சியைப் பற்றித்தான்.

அந்த விரால் மீன் நாளிலிருந்து ஏழு மாதம் கழித்து, சேரன்மகாதேவிக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று வண்டியை ஓரங்கட்டினார்.

“வைக்கோல் வாசம் வருது. உனக்கும் வருதா?”

“வருது” என்றேன். ரோட்டோரத்தில் நின்றே அழுதுவிட்டேன். அவர் ஆழ ஆழ மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பியது, கடைசியில் காப்பியும்.

இப்போது அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். உடம்பும் தேறிவிட்டது. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, “உப்பு கம்மி” என்கிறார். பழக்க தோஷத்தில் நான் எதையாவது வர்ணிக்க ஆரம்பித்தால், “தெரியுதுளா” என்று சிரிக்கிறார். அவர் குணமானதற்கு நான் வேண்டாத சாமி இல்லை. இருந்தாலும் அந்த ஏழு மாதம் சாப்பிட்ட மாதிரி நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை.