ராஜாங்கத்தின் நீல ஃபைட்டர்

நாற்பது வருஷம் மரக்காணத்துக் கடலில் வலை இழுத்த மனுஷன், விரல் நீள மீன் ஒன்றுக்காகச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார் என்றால் அவருடைய குப்பத்தில் யாரும் நம்பமாட்டார்கள். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஆனால் அன்று காலை திண்டிவனத்தில், காவல் பார்க்கும் கல்யாண மண்டபத்தின் பின்னறையில், ராஜாங்கம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

எஞ்சின் பெல்ட்டில் மாட்டி இடது கையில் இரண்டு விரல் போனபிறகு, படகை மகன் அய்யப்பனிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்தவர். மனைவி தைலம்மாள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபத்தில் பேச ஒரு ஆள் கிடையாது. அதனால்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஜாடியோடு ஒரு நீல ஃபைட்டர் மீனை வாங்கினார். "இன்னா பெரியவரே, கொழம்புக்கு ஒண்ணு போதுமா?" என்று சமையல்காரர்கள் கிண்டல் செய்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அது தனியாகக் கிடப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு ஆண் மீனை விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொல்லுமாம். சரி, நிழலாவது துணைக்கு இருக்கட்டும் என்று தன் சவரக் கண்ணாடியை ஜாடியை ஒட்டிச் சாய்த்து வைத்தார். மீன் செவுளை விரித்து, வாலை விசிறியாகப் பரப்பி, பொழுதன்னைக்கும் கண்ணாடி முன்னால் ஆடியது. துணை கிடைத்த குஷி என்று அவரும் பூரித்துப் போனார்.

பத்தாம் நாள் பார்த்தால் வால் கந்தலாகத் தொங்குகிறது.

கடலோடிக்குப் புண் என்றால் ஒரே மருந்து உப்புத்தண்ணீர். வலை அறுத்த கை எத்தனை தடவை அதில் ஆறியிருக்கிறது! உப்பளத்துக் கல்லுப்பை இரண்டு கை அள்ளி ஜாடியில் போட்டார். கொஞ்ச நேரத்தில் மீன் துடித்தது. துடுப்பையெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் சாய்ந்தது. பதறிப்போய் நல்ல தண்ணீருக்கு மாற்றினார். அப்போதும் எழவில்லை. காலைச் சோற்றைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கடைசியில் மீன் வாங்கிய கடைக்கு ஓடினார்.

கடைக்காரன் தலை நிமிராமலே, "செத்தா வேற வாங்கிக்க. விழுப்புரத்துல ஆரோக்கியசெல்வின்னு ஒருத்தங்க மாடியில ஃபைட்டரா வளக்கறாங்க, வேணுன்னா அங்க போ" என்றான். ராஜாங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட நேரம் இல்லை, பஸ் ஏறிவிட்டார்.

மடியில் மீனும் தண்ணீருமாகப் பிளாஸ்டிக் கவர், சுற்றித் துண்டு. ஒவ்வொரு வேகத்தடைக்கும் கவரை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது துண்டை விலக்கிப் பார்த்தார். செவுள் அசையவில்லை. "இரு கண்ணு, வந்துட்டோம்" என்று முணுமுணுத்தார். வண்டி கிளம்பியபிறகுதான் செவுள் ஒரு தடவை திறந்து மூடியது.

விழுப்புரத்து மாடியில் வரிசையாக ஜாடிகள் இருந்தன. ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவில் அட்டை செருகியிருந்தது. ஆரோக்கியசெல்வி கவரைப் பிரிக்காமல் அப்படியே ஒரு தொட்டியில் மிதக்கவிட்டாள்.

"ஜல்தியா மருந்து போடும்மா."

"இருங்கண்ணா, மொதல்ல தண்ணி சூடு ஒத்துக்கட்டும். நோவுன்னா ஓரம் கருத்து அழுவிக்கினு வரும். இது கடி. தன் வாலைத் தானே கடிச்சிக்கினு கீது. கண்ணாடி கின்னாடி பக்கத்துல வச்சீங்களா?"

"துணைக்குன்னு வச்சேன்மா. நல்லா ஆடுச்சே."

"ஆட்டம் இல்லண்ணா. எதிராளி நிக்கிறான்னு சண்டைக்கு நின்னுக்கினு இருந்திருக்கு. அவன் போவவே மாட்டேங்கிறான். பேஜாரு தாங்காம வாலைக் கடிச்சிக்கிச்சி."

உப்பு போட்டதையும் சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வயல் தண்ணியில பொழைக்கிற சாதிண்ணா இது. இதுக்கு எதுக்குக் கடலு?"

பாசம் என்று நினைத்துச் செய்தது முழுக்க அந்த உயிரைப் படுத்தியிருக்கிறது. ராஜாங்கத்துக்கு அவமானமாக இருந்தது.

"பொழைக்குமாம்மா?"

"தெரியாதுண்ணா. ஜாடியச் சுத்திப் பேப்பர் ஒட்டுங்க. தெனம் கொஞ்சம் தண்ணி மட்டும் மாத்துங்க. மூணு நாளு எட்டிப் பாக்காதீங்க, பேசாதீங்க, தனியா வுடுங்க. நாலாம் நாளு ஒரு உருண்டை தீனி போடுங்க. தின்னா பொழைச்சிக்கும்."

மண்டபத்துக்குத் திரும்பியதும் ஜாடியைச் சுற்றிப் பேப்பர் ஒட்டினார். அந்த மூன்று நாளும் அறைக்குள் இருந்தாலும் ஜாடிக்கு முதுகைக் காட்டித்தான் இருந்தார். தண்ணீர் மாற்றும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். செத்து மிதக்கிறதோ என்ற பயம் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் கூடவே வந்தது.

நாலாம் நாள் காலை உருண்டையைப் போட்டுவிட்டு மேலிருந்து பார்த்தார். மீன் அடியில்தான் கிடந்தது. உருண்டை மிதந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கந்தல் வால் லேசாக அசைந்தது. மெதுவாக, சாய்ந்தபடியே மீன் மேலே வந்தது. வாய் திறந்தது. உருண்டையைக் காணோம்.

அந்த நேரம் பார்த்து அய்யப்பன் போனில் வந்தான். "அப்பா, இன்னிக்கி நல்ல மீன்பாடு. இன்னாப்பா, அழுவுறியா?"

"மீனு தின்னுச்சிடா."

"படகு முழுக்க மீனு கீது, நீ எந்த மீனச் சொல்ற?"

"நம்ம மீனுடா" என்றார் ராஜாங்கம்.