கடையில் வாங்கியது போலவே

லிஃப்ட்காரருக்கு அக்கா வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும். வேறு ஆசையே இல்லை என்று சொல்ல முடியாது. தங்க நிறத் தாள், ஜிகினாத் தூள், நட்சத்திரம் வெட்டும் பஞ்ச் என்று மாதம் ஒரு ஆசை வந்துகொண்டுதான் இருந்தது. எல்லாம் அந்த முதல் ஆசைக்காக வந்தவை.

சின்ன வயதில் அவர் எதைத் தொட்டாலும் உடையும். "உனக்குக் கை இருக்கறதே வாட்ச் கட்டத்தான்" என்பார் அக்கா. அந்தப் பையன் வளர்ந்து பெரிய பெரிய கட்டடங்களின் லிஃப்ட்டைப் பழுது பார்ப்பவரானார். ஊரே அவரை நம்பி மேலே போய்க் கீழே வந்தது, அக்காவைத் தவிர. தம்பி கைவைத்த லிஃப்ட் என்று தெரிந்தால் அவர் மூச்சு வாங்க மாடிப்படி ஏறுவார். முட்டிக்கு நல்லதாம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தன் கையாலேயே செய்து அக்காவிடம் கொடுப்பது என்று அவர் முடிவு கட்டியது இதனால்தான். குரு, வீடியோவில் வரும் ஓர் அம்மையார். "வீட்ல மீந்து கிடக்கற வெல்வெட் பேப்பரை எடுத்துக்கோங்க" என்று ஆரம்பிப்பார். யார் வீட்டில் ஐயா வெல்வெட் பேப்பர் மீந்து கிடக்கிறது? மீதி இருப்பதற்காகவே முழுசாக வாங்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட, குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டது. ஜிகினாத் தூள் சோப்பில் இருந்தது, தலையணையில் இருந்தது. வேலை இடத்தில் மேலாளர் இவர் புருவத்தைப் பார்த்துவிட்டுத் திட்ட வந்ததை மறந்து திரும்பிப் போனார்.

மனிதர் அட்டையையும் லிஃப்ட் போலவே செய்தார். திறந்தால் உள்ளே மடித்து வைத்த காகித மரம் சத்தமில்லாமல் எழ வேண்டும், மூடினால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். பென்சில் கோட்டை அழித்தார். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தார். கோந்துத் தடம் தெரியாதபடி பின்பக்கம் இன்னொரு தாளை ஒட்டினார். விரல் அழுக்குப் படாமல் இருக்கக் கையுறை வேறு.

"கைரேகைகூட இல்லாம செஞ்சா, யார் செஞ்சதுன்னு எப்படிங்க தெரியும்? திருட வந்தவன் மாதிரி இருக்கு" என்றார் மனைவி.

அவர் சொன்னதுதான் நடந்தது. அக்கா ஒவ்வொரு வருஷமும் அட்டையைத் திறந்து பார்த்து, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். நான்தான் செய்தேன் என்று தானே சொல்லிக்கொள்ள இவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. மனைவியையும் சொல்லவிடவில்லை. மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, புதிதாக ஒரு பஞ்ச் வாங்குவார்.

இந்த வருஷம் பொறுமை போய்விட்டது. பார்த்த மாத்திரத்தில் கைவேலை என்று தெரியும்படி ஓர் அட்டை செய்ய உட்கார்ந்தார். கோணலாக வெட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கோணலும் ஒரே அளவாக வந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் வெட்டினார். கோந்தை வேண்டுமென்றே வழியவிட்டார். அந்தப் பாவத்தைச் செய்யும்போது, துடைக்கப் போன வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் அன்று அக்கா வீட்டுக் கூடத்தில் வைத்துக் கொடுத்தார். அக்கா அட்டையைத் திறந்தார். மரம் பாதி எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நட்சத்திரம் கழன்று மடியில் விழுந்தது.

"இது நீ செஞ்சதாடா?"

"ஆமாக்கா."

"உனக்கு எதுக்கு இந்த வேலை? வருஷா வருஷம் வாங்கிட்டு வருவியே, அது எப்படி இருக்கும் தெரியுமா? அதைச் செஞ்சவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்."

இவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "அதெல்லாமும் நான்தான்க்கா செஞ்சேன்" என்றார்.

அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். நம்ப வழி இல்லை. சாட்சி அக்கா மடியிலேயே கோணலாகக் கிடந்தது. வாதாடி வாங்கினால் அது பாராட்டா என்று, வாயைத் திறக்கப் போன மனைவியை இவர் கண்ணாலேயே அடக்கினார். எத்தனையோ வருஷம் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது, ஆனால் யாரோ ஒரு கடைக்காரனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வயிறு எரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை அவரால் மறைக்க முடியவில்லை.

"கஷ்டப்பட்டு செஞ்சிருக்க, அது போதும். பொய் எதுக்கு?" என்று அக்கா அவர் தோளைத் தட்டினார். "அடுத்த வருஷம் அந்தக் கடையிலயே வாங்கு. செஞ்சவனைப் பார்த்தா, ரொம்ப நல்லா இருக்குன்னு நான் சொன்னதா சொல்லு."

"சொல்லிடறேன்க்கா" என்றார் லிஃப்ட்காரர்.