சாமியார் கழுவிய இடது கால்

"முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம்மா" என்று டாக்டர் சொன்னது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை காலையில். இரண்டு வருடம் ஆகிறது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்திருந்தேன். அம்மா பக்கத்தில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்பானவர்களே, என்னைத் தெரிந்தவர்களுக்கு அந்த அழுகை வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஏனென்றால் அது நடக்கிற கால் இல்லை.

என் பெயர் ரெஜினா. நெல்லித்தோப்பில் அம்மாவோடு இருக்கிறேன். பத்தொன்பது வயதில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் தவறி விழுந்தேன். முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவு போயிற்று, உணர்ச்சியும் போயிற்று. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. சில வருடங்கள் வீட்டிலேயே கிடந்து, வந்தவர் போனவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் காபி கூடக் கொடுக்கவிடாமல் விரட்டியிருக்கிறேன்.

அப்புறம் வந்தார் செல்வம் அண்ணன். போலியோவில் கால் சூம்பியவர். எங்கள் தெருவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஜிம் வைத்து, எங்களைப் போன்றவர்களுக்கு வலுதூக்கப் பயிற்சி கொடுக்கிறார். "கை நல்லாத்தான இருக்குது? அத வெச்சிக்கினு இன்னா பண்ற? வா" என்று கூப்பிட்டார். விரட்டிப் பார்த்தேன். அவர் போகவில்லை. கடைசியில் நான்தான் அவர் ஜிம்முக்குப் போனேன்.

எங்கள் போட்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பெஞ்சில் மல்லாந்து படுக்க வேண்டும். கால்கள் நகராதபடி பெல்ட் போட்டுப் பெஞ்சோடு கட்டிவிடுவார்கள். கம்பியை நெஞ்சு வரைக்கும் இறக்கி, அங்கே ஆடாமல் நிறுத்தி, இரண்டு கையும் ஒரே சமமாக மேலே தள்ள வேண்டும். ஒரு கை முந்தினாலும் போச்சு. மூன்று நடுவர்களில் இரண்டு பேராவது வெள்ளை விளக்குப் போட்டால் தூக்கு செல்லும். ஆளுக்கு மூன்று தூக்கு. மூன்றிலும் சிவப்பு எரிந்தால் வீட்டுக்குப் போகலாம்.

அந்த வருடம் ஈஸ்டர் பாஸ்குவுக்கு அடுத்த வாரம் மாநிலத் தேர்வுப் போட்டி. தவக்காலம் முழுக்க நான் செய்த செபம் ஒன்றுதான். ஆண்டவரே, கைக்கு பலம் கொடும். தோளுக்கு பலம் கொடும். காலைப் பற்றிப் பேச்சே இல்லை. விழுந்த புதிதில் கால் நடக்க வேண்டும் என்று கதறிக் கேட்டவள், கிடைக்கவில்லை என்றதும் கோபித்துக்கொண்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். வீட்டில் பேசும்போதுகூட என் கால்களை 'அதுங்க' என்றுதான் சொல்வேன்.

பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் உடம்பு அசையாமல் தூக்குவது எளிதாக இருந்தது. தினமும் இன்னும் இறுக்கச் சொன்னேன்.

"போதும் ரெஜினா, ரத்தம் ஓட வேணாமா?" என்பார் செல்வம் அண்ணன்.

"அது ஓடி இன்னா பண்ணப் போவுது? இறுக்குங்கண்ணா."

பெல்ட்டின் கொக்கி என் இடது குதிகாலுக்குப் பின்பக்கம் போய் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குளிக்கும்போது மேலோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வேனே தவிர, திருப்பிப் பார்க்கிற பழக்கம் இல்லை. பார்க்கப் பிடிக்காது. கடைசி வாரம் குளிர்காய்ச்சல் வந்தது. பயிற்சியின் அலுப்பு என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டேன். குளிக்கவில்லை, காலுறையைக் கழற்றவும் இல்லை.

அந்த நிலையில்தான் பங்குச் சாமியார், பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, அவர் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக என்னைக் கூப்பிட்டார். முடியாது என்றேன். சூம்பிய காலைக் கோயில் முழுக்கப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டுமா? அம்மாதான் விடவில்லை. "கர்த்தரே கழுவுறாருன்னு நெனச்சிக்கோ, வாய மூடு" என்றார்கள்.

பாதம் கழுவிக்கொள்ளப் போகிறவர்கள் எல்லோரும் வீட்டிலேயே நன்றாகக் கழுவிவிட்டுத்தான் போவார்கள். அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்ட யாருக்கு மனசு வரும்? எங்கள் கோயிலில் வலது காலை மட்டும்தான் கழுவுவது வழக்கம். நானும் வலது காலை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் கூடப் போட்டுக்கொண்டேன். இடது கால் பழைய காலுறையோடு அப்படியே இருந்தது.

பீடத்துக்கு முன்னால் வரிசையாக நாற்காலிகள். என் சக்கர நாற்காலி கடைசியில், தூணை ஒட்டி. என் வலது பக்கம் தூண் வந்துவிட்டது. சாமியார் முழங்கால் போட இடம் இருந்தது இடது பக்கம்தான். அவர் யோசிக்கவே இல்லை. இடது செருப்பைக் கழற்றினார்.

"சாமி, அது இல்ல, இந்தக் கால்" என்று கிசுகிசுத்தேன். பாடகர் குழு உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தது. அவர் காதில் விழவில்லை. காலுறை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தண்ணீர் ஊற்றி நனைத்து மெதுவாக உரித்தார். கிண்ணத்தில் விழுந்த தண்ணீர் சிவப்பும் கறுப்புமாக இருந்தது. நாற்றம் எனக்கே அடித்தது. அவமானத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது விட்டுவிட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. புண்ணைச் சுற்றி ஒற்றித் துடைத்தார். வழக்கப்படி குனிந்து அந்தப் பாதத்தை முத்தமிட்டார். பிறகு என் காதருகே வந்து, "பூசை முடியிற வரைக்கும் இருக்காதம்மா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. வண்டிக்குச் சொல்றேன்" என்றார்.

இப்படித்தான் கோரிமேட்டுக்குப் போனேன். குதிகாலில் சதை அழுகி உள்ளே குழி விழுந்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் விஷம் ரத்தம் முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்கள். புண்ணைச் சுத்தம் செய்தார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டும், சீழ் எலும்புக்குள் இறங்கியிருந்தால் காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்று மறுநாள் டாக்டர் சொன்னார்.

எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். பாரிசிலிருந்து போன் செய்த அத்தை, "நடக்காத கால்தானடி, போனாப் போவுது. இங்க வா, நல்ல கால் ஒண்ணு வெச்சிடலாம்" என்றார். நிற்கவே முடியாதவளுக்கு வைத்த காலால் என்ன பயன் என்று அவருக்கு யார் சொல்வது? செல்வம் அண்ணன் குற்ற உணர்ச்சியில் முகம் கறுத்துப்போயிருந்தார். அவரும் தேற்றத்தான் பார்த்தார். "கால் இல்லாதவங்க எத்தினி பேரு தூக்குறாங்க ரெஜினா. கால் இல்லன்னா அந்தக் காலுக்குன்னு ஒரு எடையயும் சேத்துத்தான் உடம்பு எடைய கணக்குப் போடுவாங்க. ஒனக்கு ஒரு கொறையும் வராது."

அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. நானே இத்தனை வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் போகப் போகிறது என்றதும் தாங்கவில்லை. சின்ன வயதில் கடற்கரை மணலில் புதைத்து விளையாடிய கால். புது நன்மை என்று முதல் நற்கருணை வாங்கிய அன்று வெள்ளை ஷூ போட்ட கால். விழுந்த பிறகும், நான் திட்டத் திட்ட, ஒன்றும் சொல்லாமல் என்னோடு வந்துகொண்டிருந்த கால். போர்வையை விலக்கி, கட்டுப் போட்ட அந்தக் காலை முதல் தடவையாகக் கையால் தடவிக் கொடுத்தேன். கைக்குத்தான் தெரிந்தது. காய்ச்சலில் கொதித்தது.

எனக்குப் பெரிய செபமெல்லாம் வரவில்லை. "ஆண்டவரே, இது என் கால். நடக்க வேணாம். எனக்கு வேணும்" என்று மட்டும் கேட்டேன். அம்மா செபமாலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இருவரும் சேர்ந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டோம்.

பாஸ்கு அன்றே நல்ல செய்தி வந்திருந்தால் சாட்சி சொல்ல இன்னும் அழகாக இருந்திருக்கும். வரவில்லை. அன்று காய்ச்சல் ஏறியது. திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்து, சாதாரணமாக, ஏதோ மழை நின்றுவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். "எலும்புக்குப் போகலம்மா. காலை எடுக்க வேணாம்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "மெர்சி, மெர்சி" என்றார்கள். பதற்றத்தில் நன்றி சொல்லக்கூட அம்மாவுக்கு எப்போதும் பிரெஞ்சுதான் முந்தும். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அப்படி ஒரு நிம்மதியை என் ஆயுசில் அனுபவித்ததில்லை. அன்று நான் தூங்கிய தூக்கத்தில் நர்ஸ் ஊசி போட்டதுகூடத் தெரியவில்லை.

அந்த வருடத் தேர்வு போயிற்று. புண் ஆற மாதக்கணக்கானது. போன வருடம்தான் மறுபடி மேடையேறினேன். முதல் தூக்கு சிவப்பு, இடது கை முந்திவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் வெள்ளை. வெண்கலம் கிடைத்தது. சந்தோஷம்தான், ஆனால் நான் சாட்சி சொல்ல வந்தது அதற்காக இல்லை.

இப்போது எங்கள் ஜிம்மில் பெல்ட்டுக்கு அடியில் துண்டு மடித்து வைக்காமல் யாரையும் கட்டுவதில்லை. ஒவ்வொரு தூக்குக்கும் நடுவில் அவிழ்த்துவிடுகிறோம். பயிற்சி முடிந்ததும் செருப்பு, காலுறை எல்லாம் கழற்றி, ஒருவர் காலை ஒருவர் திருப்பிப் பார்க்கிறோம். முதலில் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். நான்தான் அதட்டி நீட்ட வைத்தேன். அதட்டுவதில் எனக்கு அனுபவம் உண்டு. போன மாதம் ஒரு தங்கச்சியின் குதிகாலில் சின்னச் சிவப்பைக் கண்டுபிடித்தோம். நாலு நாள் ஓய்வில் சரியாகிவிட்டது.

சாமியார் ஏன் அந்தக் காலை எடுத்தார் என்று கேட்டால், இடம் இல்லை, தூண் இருந்தது என்பார். இருக்கட்டும். தவக்காலம் முழுக்க நான் கைக்காக மட்டும் மன்றாடினேன். நான் கேட்க மறந்த காலையும் ஒருவர் நினைவில் வைத்திருந்தார் என்று நான் விசுவசிக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். இனி இது எதற்கும் ஆகாது என்று நீங்களே முடிவு கட்டி, அவரிடம் கேட்காமலே விட்ட ஒன்று. உடம்பாக இருக்கலாம், உறவாக இருக்கலாம். கோபத்தோடாவது கேளுங்கள். நான் கேட்டேன். இதோ, என் இரண்டு காலும் என்னோடு இருக்கின்றன.