பாரத்துக்கு ஏற்ற காத்தாடி

எங்கள் மீன்பிடிப் போட்டில் அரைவாசி என் சீதனம், மற்ற அரைவாசி அண்ணையின் பங்கு. அப்பா அப்படித்தான் பிரித்துக் கொடுத்தார். முன்பாதி யாருக்கு, பின்பாதி யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கோபம் வந்தால் அண்ணை, "எஞ்சின் பூட்டியிருக்கிறது என்ரை பாதியிலை" என்று அடித்துச் சொல்லுவார். அந்தப் பாதியில் இருந்து எஞ்சின் பிடிப்பவர் என் கணவர். முன்பக்கத்தில், என் சீதனத்தின் மேல் நின்று வலை இழுப்பவர் அண்ணை. ஒருவரின் இடத்தில் மற்றவர் நின்றுதான் இவ்வளவு காலமும் எங்கள் இரண்டு வீட்டு அடுப்பும் எரிகிறது.

சோளகக் காற்று ஓய்கிற நேரத்தில் ஒரு நாள் எஞ்சினின் காத்தாடி கல்லில் அடிபட்டு, அதன் மூன்று இதழ்களில் ஒன்று உடைந்தது. கடைக்காரர் புரொப்பெல்லர் என்பார், எங்களுக்கு அது காத்தாடிதான். கடலில் நடந்தது இவ்வளவுதான். அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்தது பெரிய கூத்து.

காத்தாடிகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சூட்சுமம் இதழின் சரிவில் இருக்கிறது. சரிவு கூடின காத்தாடி ஒரு சுற்றுக்கு அதிக தூரம் தள்ளும். வெறும் போட்டு பறக்கும், ஆனால் பாரம் ஏறினால் எஞ்சின் திணறும். சரிவு குறைந்தது அவ்வளவு வேகம் ஓடாது, பாரத்தை மட்டும் சலிக்காமல் இழுக்கும். எதிர்க்காற்றில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். என் கணவர் கடையில் இருந்து வாங்கி வந்தது நல்ல சரிவான, மினுங்குகிற காத்தாடி. அண்ணை கூட்டாளி ஒருவரிடம் இரவல் கேட்டு வைத்திருந்தது சரிவு குறைந்த, நிறம் மங்கிய ஒன்று.

இவர் தன்னுடையதைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். எண்ணெய்க் கான் ஒன்று, இவர் ஒருவர், அவ்வளவுதான் போட்டில். எங்கள் குருநகர்க் கரையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவருக்கு முகமெல்லாம் பல். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் தொழிலுக்குப் போனபோதுதான் சங்கதி தெரிந்தது. போகும்போது ஒரு குறையும் இல்லை. நனைந்த வலையும் மீனும் ஏறித் திரும்புகிற நேரம் போட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றதாம், பின்பக்கம் தண்ணீரில் தாழ்ந்துபோனதாம், எஞ்சின் புகைத்ததாம். அவர்கள் கரைக்கு வந்து சேர மீன் ஏலம் முடிந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிய சீமெந்து நிலம் காய்ந்தும் விட்டது. மீனைத் தெரிந்தெடுத்துப் பெட்டியில் போடுவது என் வேலை. அன்று நான் போட்ட மீனைப் பார்க்க ஒரு வியாபாரியும் இல்லை.

"காத்தாடியை மாத்து" என்றார் அண்ணை. "பழகினால் சரி வரும்" என்றார் இவர். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே கதை. கடைசியில் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதையே விட்டார்கள்.

ஒரே போட்டில் போகிற இருவர் கதைக்காமல் எப்படித் தொழில் செய்தார்கள் என்பதை நான் அறியேன். அண்ணை கடலைப் பார்த்து, "வலை வந்திட்டுது, எஞ்சினை விடலாம்" என்று சொல்லுவாராம். இவர் வானத்தைப் பார்த்து "ஓம்" என்பாராம். கரைக்கு வந்தால் கடலின் வேலையும் வானத்தின் வேலையும் எனக்கு.

"பிள்ளை, உன்ரை மனுசனிட்டைச் சொல்லு, உது தொழிலுக்குப் போற காத்தாடி இல்லை, ஓட்டப்போட்டிக்குப் போறது எண்டு."

"உன்ரை அண்ணையிட்டைச் சொல்லு, அவற்றை காத்தாடியைப் பூட்டினால் எஞ்சின்தான் கத்தும், போட்டு நகராது எண்டு."

"ரெண்டு பேரும் இஞ்சைதானே நிக்கிறியள்! நான் என்ன தபால் தந்திக் கந்தோரே நடத்திறன்?" என்று கத்திவிட்டு மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் கோபம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் அந்த வாரக் கடைசியில் அண்ணை வாசலில் வந்து நின்று சொன்னது கேட்டு என் கோபமெல்லாம் வற்றிப்போனது. பல போட்டு வைத்திருக்கிற சம்மாட்டி ஒருவர் தன்னைக் கூப்பிடுகிறார், திங்கட்கிழமையில் இருந்து அங்கே போகப் போகிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் சொன்னால் ஆறிவிடுவார். இது யோசித்துச் சொன்னது.

அவர் போனால் இவர் கடலுக்கு யாரோடு போவார்? கூலிக்கு ஆள் பிடிக்கலாம். ஆனால் அண்ணையோடு போனார் என்றால் நான் நித்திரை கொள்வேன். வேறு ஒருவரோடு போனால் கொள்ள மாட்டேன். அண்ணை வேறு போட்டில் போனாலும் அப்படித்தான். எனக்கு இரண்டு பேரும் ஒரே போட்டில் வேண்டும்.

அதற்கு முந்தின வருடம் அண்ணைக்குத் திருக்கை முள் காலில் குத்தியிருந்தது. கரைக்கு வரும்போது கால் வீங்கி, நினைவு தப்பிக் கிடந்தார். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பிழைத்து வந்து பழையபடி தொழிலுக்கும் போனார். கரைக்கு வந்த பிறகு நடந்ததுதான் எனக்குத் தெரியும். கடலில் என்ன நடந்தது என்று இருவருமே சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து தேவாலய வாசலில் நிற்கும்போது நான் இருவரையும் பிடித்தேன்.

"ரெண்டு காத்தாடியையும் பாரம் ஏத்தி ஓடிப் பாப்பம். இண்டைக்கே. அதுக்குப் பிறகு ஆர் எங்கை போனாலும் போங்கோ."

"ஞாயிற்றுக்கிழமை வலையிலை கை வைக்கிறேல்லை" என்றார் அண்ணை. அது எங்கள் வீட்டு வழக்கம். ஞாயிறு போட்டு தொழிலுக்குப் போகாது, வலையையும் தொட மாட்டோம்.

"வலை இல்லாமல் பாரத்துக்கு எங்கை போறது?" என்றார் இவர், என்னைப் பார்த்து.

நான் திரும்பிப் பார்த்தேன். பூசைச் சேலையோடு பெரியம்மா நின்றார். அவருக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும். பெரியம்மா ஒருவரே நனைந்த வலை ஒன்றுக்குச் சமம், இதை அவரே சொல்லிச் சிரிப்பார். தீவுக் கோயில் திருவிழாவுக்குத் தவிர நாங்கள் போட்டில் ஏறுவதில்லை. கூப்பிட்டதுதான் தாமதம், எல்லோரும் கரைக்கு வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள்.

"எங்களை ஐஸ் பெட்டி ஆக்கிப்போட்டாய் என்ன?" என்றார் பெரியம்மா, குடையை விரித்தபடி.

"ஐஸ் பெட்டி கதைக்காது பெரியம்மா. அது ஒண்டுதான் வித்தியாசம்."

முதலில் இவருடைய காத்தாடி. கரையை விட்டு ஆழமான பக்கம் வந்ததும் இவர் எஞ்சினை முழுக்கத் திறந்தார். போட்டு மூக்கைத் தூக்கியது, தூக்கியபடியே நின்றது. எஞ்சின் உறுமி, புகைத்து, சத்தம் கம்மிப்போனது. தண்ணீரை உழுதுகொண்டு போனோமே தவிர ஓடவில்லை. பெரியம்மாவின் சேலை முழுக்க நனைந்தது.

"தங்கச்சி, உன்ரை மனுசனிட்டைக் கேள், உதோ ஓட்டம் எண்டு" என்றார் முன்பக்கத்தில் இருந்த அண்ணை. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இவர் எஞ்சினைக் குறைத்தார். முகம் கறுத்திருந்தது.

"அவளிட்டை ஏன் சொல்லுறாய்? என்னோடை கதை" என்றார். பல நாளுக்குப் பிறகு அண்ணையைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. "அண்டைக்குத் திருக்கை குத்தி, நீ இதிலை, இந்தப் பெரியம்மா இருக்கிற இடத்திலை கிடந்தாய். இன்னும் எவ்வளவு தூரம் மச்சான், இன்னும் எவ்வளவு தூரம் எண்டு கேட்டுக்கொண்டே வந்தாய். நான் எஞ்சினை முழுக்கத் திறந்துதான் பிடிச்சிருந்தன். கரை வரவே இல்லை. பிறகு நீ கேக்கிறதையும் விட்டிட்டாய்." காத்தாடிப் பக்கம் கையைக் காட்டினார். "உள்ளதிலை கெதியா ஓடுறது எது எண்டு கடையிலை கேட்டன். வேறை ஒண்டும் கேக்க எனக்குத் தோணேல்லை."

பெரியம்மா தான் இருந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தார். பவிசு காட்டத்தான் இவர் அந்தக் காத்தாடியை வாங்கினார் என்று நானும் நினைத்திருந்தேன். என் மனுசனின் மனதுக்குள் இப்படி ஒரு நாள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, பக்கத்தில் படுத்த எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அண்ணை பெண்களைத் தாண்டி மெல்ல மெல்லப் பின்பக்கம் வந்தார். போட்டு ஆடியது.

"அண்டைக்குப் போட்டு வெறுமையாவே வந்தது?" என்றார். "வலை கிடந்தது, மீன் கிடந்தது, நானும் கிடந்தன். என்னைக் கரைக்குக் கொண்டு வாறதெண்டால் பாரத்தோடை ஓடுற காத்தாடியைப் பார், மச்சான்."

இவர் போட்டைக் கரைக்குத் திருப்பினார்.

கரையில் இருவரும் தண்ணீரில் நின்று காத்தாடியை மாற்றினார்கள். அண்ணை கழற்றிய ஆணியை இவர் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் ஒருவரும் இறங்கவில்லை. முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போக மாட்டோம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் எங்கள் தெருவில் அன்று பிந்தித்தான் நடந்தது.

மங்கல் காத்தாடி முதலில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு போட்டின் மூக்கு ஒரு முறை எழுந்து, அப்படியே மட்டமாகப் படிந்தது. அத்தனை பெண்களையும் ஏற்றிக்கொண்டு அது ஓடிய ஓட்டத்தில் பெரியம்மாவின் குடை மடங்கிப்போனது. எஞ்சின் சீரான ஒரே குரலில் பாடியது. இவர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை வானத்தைப் பார்க்காமல் இவரைப் பார்த்தார்.

திங்கட்கிழமை அண்ணை சம்மாட்டியின் போட்டுக்குப் போகவில்லை. இரவல் காத்தாடியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, அதே அளவில் புதிது ஒன்று எடுத்துப் பூட்டினார்கள். மினுங்குகிற மற்றதைத் திருப்பிக் கொடுக்க இவர் கிளம்பியபோது அண்ணை தடுத்தார். தான் உடுத்திப் பழசான சாரத்தில் சுற்றி அதைப் போட்டின் முன்பக்கம், என் சீதனப் பாதியில், தானே செருகி வைத்தார்.

"மீன் கிடையாத நாளிலை இதைப் பூட்டுவம். கெதியா வீட்டை வரலாம்" என்றார்.

இப்போதும் நான் கரையில் பெட்டியோடு நிற்கிறேன். எஞ்சின் நின்றதும் கேட்பது அவர்கள் இருவரின் சண்டைதான்: வலை போட்ட இடம் பிழை, திருப்பிய நேரம் பிழை, எல்லாம் பிழை. என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லிவிடுவதில்லை. நேருக்கு நேரே திட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நான் பெட்டியைத் தூக்குகிறேன்.