அச்சு பிடித்த மீதோன்

மீதோன் செத்தபோது அவனுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருந்தன. பயோனிய நாட்டுப் பைலாசோரா நகரின் நாணயச்சாலையில் அச்சு பிடித்தவர்களில் அப்படிப் போய்ச் சேர்ந்தவன் அவன் ஒருவன்தான். கொஞ்சம் கோணிப்போன மூக்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவன் வேலை பார்க்க எளிது. பழுக்கக் காய்ச்சிய வெள்ளி வில்லையை இடுக்கியால் எடுத்து அடியச்சில் வைப்பான். அதன்மேல் மேலச்சை வலது கையால் நிறுத்திப் பிடிப்பான். சம்மட்டி இறங்கும். ஒரு பக்கம் தெய்வத்தின் தலை, மறுபக்கம் விழுந்தவனைக் குத்தும் குதிரைவீரன் என்று பயோனிய அரசரின் காசு பிறக்கும். கை அசையக் கூடாது, அவ்வளவுதான் தொழில்.

சம்மட்டி அடித்தவன் பீக்ரே, மீதோன் மனைவியின் அண்ணன். பன்னிரண்டு வருஷமாக இதே ஜோடிதான்.

"மச்சான் சம்மட்டிக்குக் கீழ கைய வெச்சிருக்கறவன், வீட்ல பொண்டாட்டிய எதுத்துப் பேசுவானா?" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

கல்யாணத்தின்போது பெண்ணோடு ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரையும் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி பீக்ரே தன் கையால் ஏரிமீன் ஊட்டி வளர்த்த குதிரை. அதை மீதோன் ஒரு மாசிடோனிய வியாபாரியிடம் சூதாட்டத்தில் தோற்றான். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று வீட்டில் கூசாமல் சொன்னான். பீக்ரே மூன்று நாள் கரையோரம் தேடி அலைந்தான்.

பத்தாம் நாள் காலை பீக்ரே உம்மென்று வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் சம்மட்டியை எடுத்தான். குதிரை விஷயம் தெரிந்துவிட்டது என்று மீதோன் நினைத்தான். விலகிக்கொண்டால் அந்த இடத்துக்கு வாசலில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். அச்சை நிறுத்தினான். சம்மட்டி மேலே போனதும் கை வெடுக்கென்று அசைந்தது. காசில் குதிரைவீரன் பாதிதான் விழுந்திருந்தான்.

பீக்ரே காசைப் பார்த்தான், மீதோனைப் பார்த்தான்.

"என்ன மாப்ளே, ஒருநாளும் உன் கை இப்படி ஆடினதில்லையே. என்ன பண்ணித் தொலைச்ச?"

"நீதான மச்சான் காலைலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க..."

"பல்லுவலிய்யா! வாயத் தொறந்தா உயிர் போகுது." தாடையைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தான். "அதுக்கு நீ எதுக்குப் பயப்படற?"

மீதோன் இடுக்கியைக் கீழே வைத்தான். இனி மறைத்துப் பயனில்லை.

"குதிரைய ஆத்துல விடல மச்சான். சூதுல விட்டேன்."

பட்டறையில் எல்லாச் சம்மட்டியும் நின்றன. பீக்ரேயின் கண் கலங்கிவிட்டது.

"மூணு நாள் தேடினேன்டா."

பிறகு சம்மட்டியைத் தூக்கினான். "கைய வை."

வைக்காவிட்டால் வேலை போகும், வைத்தால் கை போகும். மீதோன் அச்சை நிறுத்திப் பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சம்மட்டி இறங்கியது. குதிரைவீரன் காசின் நட்டநடுவில் விழுந்திருந்தான். மாலைவரை அப்புறம் ஒரு காசுகூடக் கோணவில்லை.

வேலை முடிந்து வாசலுக்கு வந்ததும் பீக்ரே சம்மட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தான். முஷ்டியை மடக்கினான்.

"கை என் தங்கச்சிக்குச் சோறு போடுது, அதத் தொட மாட்டேன்" என்றான். "மூக்குக்கு அந்த வேல இல்ல பாரு."