கேபிளில் ஓடிய அக்கா

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குப் புதுப் பெட்டி ஒன்று வந்தது. இன்ரநெற்றில் தமிழ்த் தொலைக்காட்சி! ஒரு குடும்பத்துக்கு ஒரு இணைப்பு. ஹோலில் ரிவியில் பார்க்கலாம், அறையில் கொம்பியூட்டரில் பார்க்கலாம், பேஸ்மென்ரிலும் பார்க்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில், வேறு வேறு நிகழ்ச்சி.

இதற்குப் பெயர் 'ஃபமிலி பக்கேஜ்'. ஆளுக்கொரு மூலையில் இருத்திவிட்டுக் குடும்பம் என்கிறார்களே... எனக்குத்தான் விளங்கவில்லையா?

கேபிள் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. நாங்கள் நாட்டைவிட்டு வந்து குடியேறிய ரூஜில், எங்கள் வீட்டில் ஒரு ரிவி, ஒரு றிமோட், அதற்கு ஒரு சண்டை. எட்டு மணிக்குத் தமிழ்ச் செய்தி. முடிந்ததும் செபமாலை. செய்தி நீண்டால் மாதா காத்திருப்பார். இப்போது செய்தியை நினைத்த நேரம் பார்க்கலாம். அதனால் செபமாலைக்கும் நேரம் இல்லாமல் போய்விட்டது. கேபிள் காலம் என்கிறேன் – கேபிளை இன்னும் வெட்டக்கூட இல்லை!

பெட்டி வேண்டும் என்று நின்றது என் மனைவி ஜெசிந்தா. நாடகம் பார்க்க அல்ல. போன மாதம் ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். வன்னியில் இருந்த அவளுடைய ரீற்றா அக்காவிடமிருந்து தை மாதத்துக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. முகாம் முகாமாக விசாரித்தாகிவிட்டது. உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

போன கிழமை கேபிள் செய்தியில், சண்டையின் கடைசி நாட்களில் சனம் தண்ணீரைக் கடந்து வந்த படம் ஓடியது. தலையில் பானை, தோளில் துவாய்... ஒரு பெண் கமெராவைத் திரும்பிப் பார்த்தார். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டார்.

"ஐயோ, அக்கா! என்னப்பா, அது எங்கட அக்கா!"

நானும் பார்த்தேன். ரீற்றாவா? யோசிப்பதற்குள் போன் அடித்தது. பக்கத்து நகரம் ஒஷாவாவிலிருந்து என் நண்பன் செல்வம்.

"மச்சான், செய்தி பாத்தனியே? பானையோட வந்தது எங்கட சின்னம்மா! பாத்த உடன கண்டிட்டன்!"

ஒரே பெண். எங்கள் வீட்டில் அக்கா, ஒஷாவாவில் சின்னம்மா. மற்ற வீடுகளில் இன்னும் யார் யாரோ... அவன் குரலில் இருந்த சந்தோசத்துக்கு நான் என்ன சொல்ல? "அப்பிடியே மச்சான், நல்லது" என்று போனை வைத்துவிட்டேன்.

கேபிளில் ஓடினது ஓடினதுதான். புதுப் பெட்டியில் போன கிழமைச் செய்தியையும் எடுத்துப் பார்க்கலாம், வேண்டிய இடத்தில் நிற்பாட்டலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் பெட்டி.

வந்த அன்றே மூன்று பேரும் ரிவிக்கு முன்னால் இருந்தோம். றிமோட் மகள் ஷரோனிடம். பிறந்தது இங்கே, பெரியம்மாவை அல்பத்தில் மட்டும் கண்டவள். சரியாக அந்த இடத்தில் நிற்பாட்டினாள்.

"அம்மா, லுக்! இஸ் திஸ் பெரியம்மா?"

திரையில் முகமே இல்லை. சதுரம் சதுரமாக ஏதோ. கண் எது, மூக்கு எது? கிட்டப் போய்ப் பார்த்தேன், தள்ளி நின்றும் பார்த்தேன். ரீற்றா மாதிரித் தெரியவில்லை. வாயைத் திறப்பேனா?

"ஸூம் பண்ணட்டா?"

"வேண்டாம் பிள்ளை. ஓட விடு" என்றாள் ஜெசிந்தா.

"பட் அம்மா, நீங்கதானே ஸ்ரொப் பண்ணச் சொன்னீங்க..."

"ஓட விடு எண்டுறன்! ஓடேக்க அது அக்காதான். நிப்பாட்டினால்தான் ஆரோவாக் கிடக்கு."

ஷரோன் ஓட விட்டாள். பானை, துவாய், அந்தத் திரும்பல்... ஜெசிந்தா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு செபமாலையை எடுத்தாள். பின்னேரம் நாலு மணி. நாங்களும் முழந்தாளில் நின்றோம்.

வேண்டிய இடத்தில் நிற்கும் பெட்டி நல்லதா, காட்டிவிட்டு ஓடிவிடும் கேபிள் நல்லதா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

நேற்றுக் கேபிள் கந்தோரிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை போன் எடுத்தாள்.

"அங்கிள், புது பொக்ஸ் எடுத்திட்டீங்களாம். இதைக் கட் பண்ணட்டா?"

"கொஞ்சம் பொறும் பிள்ளை."

"ஏன் அங்கிள்?"

"அதில ஒராள் வரக் கிடக்கு."