படம் இல்லாத பாட்டு

கம்பெனி பஸ்ஸில் என் பாட்டு முதல் தடவை ஓடியபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ரோட்டில் ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல நடித்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து சாயங்காலம் கிளம்பி, கவரைப்பேட்டையில் என்னை இறக்கிவிட்டு, தச்சூர் கூட்டு ரோடு வரை போகிற பஸ் அது. பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் போன். பாட்டு முடிந்தது. அடுத்து ஒரு சினிமாப் பாட்டு வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டு அக்கா மட்டும் கண்ணைத் திறந்து, "இப்ப போச்சே, அது இன்னா படம்டி?" என்றாள்.

"தெரியலக்கா" என்றேன். அந்தப் பாட்டை எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் நான்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், திமிர். அதற்கு வேறு நல்ல பெயர் தேடி வைக்க எனக்கு மனசில்லை. எட்டு வருஷமாக இந்த ஜனங்களோடு ஒரே லைனில் நின்று வேலை செய்கிறேன். கார் உதிரிபாகங்களைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கிப் போடுகிற வேலை. என் குரலை அவர்கள் தினமும் எட்டு மணி நேரம் கேட்கிறார்கள். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "ஏய், இது நீதானே?" என்று கேட்கட்டும், அதுவரை நானாக வாயைத் திறப்பதில்லை என்று எனக்குள்ளேயே பந்தயம் கட்டியிருந்தேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் பாட்டை அந்த பஸ்ஸுக்குள் கொண்டுபோய் விட்டேன்.

கொண்டுபோய் விடுவதும் சுலபமாகத்தான் நடந்தது. மழைக்காலத்தில் டிரைவர் அண்ணாவின் பென் டிரைவ் கெட்டுப்போனது. "ஏம்மா, புதுப் பாட்டு எதுனா ஏத்திக்கினு வாயேன். ரேடியோல விளம்பரத்தையே கேட்டுக்கினு பேஜாரா கீது" என்றார். நூறு சினிமாப் பாட்டு ஏற்றினேன். அத்தனைக்கும் நடுவில், கல்யாண வீட்டுப் பந்தியில் பத்திரிகை கிடைக்காதவன் போய் உட்காருகிற மாதிரி, என்னுடையதையும் உட்கார வைத்தேன்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் பாட்டு என்றால் இரண்டே சாதிதான். ஒன்று சர்ச் பாட்டு, இன்னொன்று சினிமாப் பாட்டு. அம்மாவும் நைனாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளை உடுத்திக்கொண்டு சர்ச்சில் முன்வரிசைக்குப் பின்வரிசையில் உட்காருவார்கள். நான் பாடகர் குழுவில் நிற்பேன். நைனா போன பிறகு அம்மா தம்பி வீட்டோடு இருக்கிறாள். நானாக ஒரு பாட்டு கட்டியிருக்கிறேன் என்று அம்மாவிடம் போனில் பாடிக் காட்டியபோது, முழுசாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டது, "இது ஏசப்பா பாட்டா, சினிமாப் பாட்டா?" இரண்டும் இல்லை என்றேன். "அப்போ இன்னாத்துக்குப் பாடிக்கினு கீறே?" என்றாள். சாப்பிட்டியா என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். பேரன் அழுகிறான் என்று போனை வைத்துவிட்டாள்.

போனில் பார்க்கிறேனே, பட்டணத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சொந்தமாகப் பாட்டுப் போடுகிறார்கள். மொட்டை மாடியில் நின்று கிட்டார் வாசிக்கிறார்கள், சொந்தக் காசில் வீடியோ எடுக்கிறார்கள். லட்சக்கணக்கில் ஜனம் பார்க்கிறது. ஆனாலும் பேட்டி எடுக்கிறவர் கடைசியில் அவர்களிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எப்போ சினிமாவில் பாடப் போறீங்க? இட்லிக்கடைக்காரியிடம், இட்லி நல்லாயிருக்கிறது, எப்போ கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போறே என்று கேட்பதுபோல. அந்தப் பிள்ளைகளும் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், கவரைப்பேட்டையில் ஒற்றை ரூமில் குடியிருக்கிற எனக்கு என்ன கதி?

அந்த ரூம் ரயில் பாதைக்குப் பக்கத்தில். ஞாயிறு மதியம் இரண்டு ரயிலுக்கு நடுவில் கொஞ்ச நேரம் சத்தம் ஓய்கிற சமயம் பார்த்து, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு போனில் பாடிப் பதிவு செய்தேன். வேர்வையில் போன் கையில் நிற்கவில்லை. கீழ்வீட்டு அம்மாவுக்குக் கேட்டுவிடுமோ என்ற பயத்தில் அடங்கிய குரலில் பாடினேன். ஆறு ஞாயிறு ஆயிற்று. ஒருமுறை எல்லாம் கூடி வந்தபோது கீழே குக்கர் விசில் அடித்துக் கெடுத்தது. தாளத்துக்குப் போனிலேயே ஒரு செயலி இருக்கிறது. பாட்டு இதுதான்:

சாவி ஒண்ணு எங்கிட்ட
தட்ட யாரும் வரலையே
உள்ள போனா நான் மட்டும்
வெளக்குப் போட நான் மட்டும்

பெரிய கவிதை ஒன்றும் இல்லை. தினம் சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது எனக்குத் தோன்றுவது. இணையத்தில் போட்டேன். கேட்டவர்களில் முக்கால்வாசி நானேதான்.

ஆனால் பஸ் அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் பின்சீட்டுப் பெண்கள் கூடவே பாட ஆரம்பித்தார்கள். "அண்ணா, அந்த சாவி பாட்டு!" என்று தொழிற்பேட்டை கேட்டைத் தாண்டுவதற்குள் குரல் வரும். காதல் தோல்விப் பாட்டு என்று முடிவு கட்டினார்கள். எந்தப் படம் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு படத்தைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு முகமும் என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பாததற்குக் காரணம் எனக்கே பிறகுதான் உறைத்தது. கம்பெனியில் எனக்கு 'ஸ்பீக்கர்' என்று பட்டப்பெயர். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல். சூப்பர்வைசரை எதிர்த்துப் பேச, கேன்டீனில் சாம்பார் தண்ணியாக இருந்தால் கேட்க, புதிதாக வந்த பெண்களைக் கிண்டல் பண்ண எல்லாவற்றுக்கும் நான்தான். அந்தக் குரலுக்கும் போர்வைக்குள் பாடிய குரலுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

மார்ச்சில் மகளிர் தினம் வந்தது. கோலம், மியூசிக்கல் சேர், பாட்டுப் போட்டி. சரி, யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள், மேடையில் அந்தப் பாட்டையே பாடிவிட்டால் தானாகத் தெரிந்துவிடும் என்று பெயர் கொடுக்கப் போனேன். ஆபீஸ் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், டோக்கன் நம்பர், பிரிவு, பாட்டு, படத்தின் பெயர். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன்.

"அக்கா, படம் பேரு போடலியே?"

"படம் இல்லம்மா. தனிப் பாட்டு."

"சாமி பாட்டாக்கா?"

"இல்ல."

"கிராமியப் பாட்டா?"

"இல்லம்மா."

"அப்பறம் எப்டிக்கா? காலியா வுட்டா கம்ப்யூட்டர்ல ஏறாது."

அந்த இடத்தில் 'இது நானே எழுதின பாட்டு' என்று சொல்ல மூன்று விநாடி போதும். ஆனால் எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று உச்சுக் கொட்டினார்கள். அவள் கேட்ட தொனியும் எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. படிவத்தைப் பிடுங்கி, 'கவரைப்பேட்டை ஸ்டேஷன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஐ, புதுப் படமா?"

"ஆமா. இன்னும் வரல."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையாலும் கெட்டேன்.

போட்டியிலும் சொதப்பல்தான். கேன்டீனில் மைக்கைக் கையில் கொடுத்ததும் பழக்கதோஷத்தில் லைனில் கத்துகிற குரல்தான் வந்தது. மூன்றாம் பரிசு, ஒரு ஹாட் பாக்ஸ். நடுவராக வந்த மேனேஜர், "நல்ல முயற்சி. ஆனா ஒரிஜினல்ல இருக்கிற ஃபீல் கம்மி" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே தட்டினேன். அழுகையைத் தொண்டைக்குக் கீழே வைத்துக்கொண்டு சிரிப்பது எனக்கு நன்றாக வரும்.

அதற்குப் பிறகு அந்தப் படம் என் கையை விட்டுப் போய்விட்டது. நம்ம ஊரு பேரில் படம் வருகிறது என்றால் சும்மா இருப்பார்களா? டிரைவர் அண்ணா ஷூட்டிங்கையே நேரில் பார்த்தாராம். "ஸ்டேஷனாண்ட வண்டிய நிறுத்திட்டாங்கோ. கால் மணி நேரம் நின்னேன். ஈரோயினி கொட புடிச்சிக்கினு நடந்து போச்சி" என்றார். பின்சீட்டுப் பெண் ஒருத்தியின் சித்தப்பா கூட்டத்தில் ஒருத்தராக நின்று நடித்தே விட்டார். கதாநாயகி கடைசியில் செத்துப்போவாள் என்பதுவரை பஸ்ஸுக்குத் தெரிந்தது. எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்து சீட்டு அக்காதான் இதில் ரொம்ப ஆசைப்பட்டவள். வீட்டில் மாமியார், புருஷன், இரண்டு பிள்ளைகள். சினிமாவுக்குப் போனாலும் எல்லாருக்கும் தண்ணி பாட்டில் தூக்கிக்கொண்டு போகிறவள். "இந்தப் படத்துக்கு மட்டும் நீயும் நானும்தான்டி. மொத நாளு. யாரையும் இட்டுக்கினு போகக் கூடாது" என்றாள். மாமியாரிடம் சொல்லி வைத்தாள். புருஷனிடம் அனுமதி வாங்கினாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும், "நாளைக்கு வருதா?" என்று கேட்பாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னையும் ஒருத்தி சினிமாவுக்குக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் கிடக்கிற எனக்கு, அந்தப் படம் எப்படியாவது வந்துவிட்டால் தேவலை என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது.

வெயில் காலம் முடிகிற சமயம், ஒரு சாயங்காலம் அக்கா டிபன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். லீவு லெட்டர். எல்லாம் எழுதி, தேதி மட்டும் போடாமல் வைத்திருந்தாள். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. எத்தனை வாரமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறாளோ. இதற்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தப் படம் வராது."

"ஏன்டி, கேசு கீசு போட்டுட்டாங்களா?"

"படமே இல்லக்கா. பேரை நான்தான் சும்மா எழுதுனேன். அந்தப் பாட்டு நான் கட்டுனது. பாடுனதும் நான்தான்."

"தெரியுமே. கேன்டீன்ல பாடுனியே, ஹாட் பாக்ஸ் குட்த்தாங்களே."

"அது இல்லக்கா. பஸ்ஸுல ஓடுதே, அந்தக் கொரலு. அது என்னுது."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் பண்ணுகிறேனா என்று தேடுகிற பார்வை. இத்தனை மாதம் காத்திருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு என் தொடையில் தட்டினாள்.

"போடீ. நீயா? உன் வாய்க்கு சூப்பர்வைசரே ஒதுங்கிப் போறான். உன்னச் சுத்தி எப்பவும் பத்து பேரு நின்னுக்கினு சிரிக்கிறாங்கோ. அந்தப் பொண்ணு அப்டி இல்லடி. நான் தெனம் கேக்கறேன், எனக்குத் தெரியும். அவளுக்கு யாரும் இல்ல. சாப்டியான்னு கேக்கக்கூட ஆளு இல்ல. அது கொரல்லயே கீது." லீவு லெட்டரை மடித்து டிபன் பைக்குள் வைத்தாள். பிறகு மெதுவாக, "அந்தப் பாட்டக் கேட்டா, எங்க கீறாளோன்னு தேடிப் போய் நம்ம ஊட்டுக்கு இட்டாந்துடலாமான்னு கீது எனக்கு" என்றாள்.

எட்டு வருஷமாகப் பக்கத்து சீட்டு. ஒருநாள்கூட அவள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிடும்படி முகத்தை வைத்துக்கொண்டதில்லை. போனைத் திறந்து, இதோ பார் என்று காட்டியிருக்கலாம். மெல்லிய குரலில் ஒரு வரி பாடியிருக்கலாம். ஆனால் அது நான்தான் என்று நிரூபிப்பதும், எனக்கு யாருமே இல்லை என்று நாற்பது பேர் நடுவில் நிரூபிப்பதும் ஒன்றாகிப் போயிருந்தது. பாட்டு என்னுடையது என்று சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. அது சொல்வதெல்லாம் நிஜம் என்று சொல்ல இல்லை.

பஸ் கவரைப்பேட்டையில் நின்றது. "எறங்குடி, எல்லாருக்கும் லேட் ஆவுது" என்று அக்காவே என் பையை எடுத்துக் கொடுத்தாள். இறங்கி நின்றேன். வண்டி நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏய், அந்தப் பொண்ணு யாருன்னு தெரிஞ்சா சொல்லுடி!"

"சொல்றேன்க்கா" என்றேன்.